ஆளில்லாத வாக்கியங்கள்

“கீரைப் பாத்தியில ஆடு நிக்குது. பிடிக்கணும்.”

மங்கம்மா இதைக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த கைலியிடம் சொன்னாள். கைலி அசையவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் பல் துலக்கிக்கொண்டிருந்த ரோகினி நுரையைத் துப்பிவிட்டு ஆட்டைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

“கயிறு அறுந்துபோச்சு. வேற வாங்கணும்.”

“வாங்கற வரைக்கும் பட்டியில அடைக்கணும்.”

“அடைக்கலாம்.”

“அடைக்கலாம் இல்ல. அடைக்கணும்.”

ஆடு இருவரையும் மாறிமாறிப் பார்த்தது. தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று அதற்குத் தெரிந்திருந்தது. யாரும் தன்னைப் பிடிக்க வரப்போவதில்லை என்பதும் தெரிந்திருந்தது. இன்னொரு வாய் கீரையைக் கடித்தது.

கடைசியில் லோரியைத் துடைத்துக்கொண்டிருந்த சந்திரன்தான் வந்து அதைக் காதைப் பிடித்து இழுத்துப் போனான். மங்கம்மாவுக்குத் தம்பி. ரோகினிக்குப் புருஷன். வேலியின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பேச்சு இருந்தது இப்போது அவனிடம் மட்டும்தான்.

“ரெண்டு பேரும் ஒரு தடவ ஒழுங்கா சண்டை போட்டுத் தொலைங்க லா,” என்றான். “இந்தக் கைலி பாவம்.”

ஒழுங்கான சண்டை நடக்காததுதான் சிக்கல். போன வருஷம் ஆடி மாதம், அவர்கள் குடியிருக்கும் செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. அன்னதானச் சமையல் மங்கம்மா பொறுப்பு. அவள் புருஷன் ராமகிருஷ்ணன் கோயில் செயலாளர். அம்மனுக்குப் படையல் போட்டு, தீபம் காட்டி, மங்கம்மா மண்டபத்து வாசலில் வந்து நின்று “உக்காரலாம்” என்றால்தான் தோட்டமே இலைக்கு முன்னால் உட்காரும். அவள் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான். அன்றைக்கு டவுனுக்குக் குடிபோன பழைய தோட்டத்து ஆட்கள் ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். டிரைவர் நேரமாச்சு என்று ஹாரனை அடித்துக்கொண்டேயிருந்தான். பிள்ளைகள் பசியில் அழுதார்கள். ரோகினி பார்த்தாள். கையைத் தட்டி, “எல்லாரும் வாங்க, உக்காருங்க, உக்காருங்க” என்றாள். உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ சாம்பார் வாளியையும் தூக்கிவிட்டார்கள். உள்ளே மங்கம்மா படையல் இலையை அப்போதுதான் விரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மன் சாப்பிடுவதற்கு முன்னால் அறுபது பேர் சாப்பிட்டுவிட்டார்கள்.

மங்கம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் அன்று மாலையே முடிந்திருக்கும். வாசலில் வந்து நின்று, தூணைப் பார்த்து, “யாரோ உக்காரச் சொன்னாங்களாம்” என்றாள். அவ்வளவுதான். அந்த ‘யாரோ’ ரோகினியின் பெயராகிப்போனது. அன்றிலிருந்து மங்கம்மா அவளை ‘நீ’ என்று சொன்னதில்லை. ரோகினியும் ‘அண்ணி’ என்று கூப்பிட்டதில்லை. விளக்கு அணைக்கணும், குப்பை கொட்டப்படாது, தண்ணி பிடிக்கணும். எல்லா வேலையும் நடந்தது. செய்ய ஆள்தான் யாரும் இல்லை.

ரோகினிக்கு அதில் இன்னொன்றும் ஆகிப்போனது. யாரையும் வா, போ, உட்கார் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஆபீசில்கூட வந்தவரிடம் “இங்க கையெழுத்து போடணும்” என்பாளே தவிர, “நீங்க போடுங்க” என்று வராது.

ஆபீஸ் சிரம்பானில், சீவரத்தினத்தின் பயண ஏஜென்சி. பத்து வருஷமாக முன்மேசையில் ரோகினி. துருக்கிக்கு ஆட்களை அனுப்பும் வேலை. துலிப் பூக்கும் பருவத்துக்கு இரண்டு கூட்டம், இலையுதிர்காலத்துக்கு ஒன்று. இஸ்தான்புல்லில் எந்த ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு முட்டை வேகாமல் வரும், எந்த ஹோட்டல் லிஃப்ட் பாதியில் நிற்கும் என்பதெல்லாம் போய் வந்தவர்களின் புகாரிலிருந்து அவளுக்கு அத்துப்படி. விமானத்தில் மட்டும் ஏறியதில்லை. தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, ரெம்பாவ் தாண்டி சிரம்பான், சிரம்பான் தாண்டி ஒரு தடவை பினாங்கு.

இந்த வருஷம் சீவரத்தினம் ஒரு முடிவுக்கு வந்தார். கூட்டத்தோடு போகிற ஆளுக்குத் துருக்கி பேச வரணும். போன தடவை போனவர் மார்க்கெட்டில் ஒரு கிழவியைத் தொலைத்துவிட்டு, கையால் உயரம் காட்டித் தேடியிருக்கிறார்.

“ரோகினி ஒண்டு, இந்துஜா ஒண்டு,” என்றார். “ரெண்டு பேரும் படியுங்கோ. ஏப்ரல் கூட்டத்தோட ஒராள் போகலாம். ஆரெண்டு டீச்சர் சொல்லட்டும்.”

இந்துஜா டிகிரி முடித்துவிட்டு வந்த பெண். சுறுசுறுப்பு. கணினியில் ரோகினி ஒரு டிக்கெட் போடுவதற்குள் மூன்று போடுவாள். ரோகினி அன்று ராத்திரி சந்திரனிடம், “எனக்குப் போகணும்” என்றாள். அப்படி அவள் எதையும் கேட்டுச் சந்திரன் பார்த்ததில்லை. “போ லா,” என்றான். “யாரு வேணாங்கறா?”

டீச்சர் நூர்குல், துருக்கிக்காரி. அங்காராவில் படிக்கப் போன மலாய்க்காரரைக் கட்டிக்கொண்டு மம்பாவில் குடியிருந்தாள். சனிக்கிழமை காலையில் அவள் வீட்டு ஹாலில் வகுப்பு. பாடம் மலாயில் நடக்கும். டீச்சரை ‘ஹோஜாம்’ என்று கூப்பிடணும்.

முதல் சில வாரம் ரோகினி தடுமாறினாள். பிறகு ‘லாஸிம்’ வந்தது.

லாஸிம் என்றால் வேணும். “பானா சு லாஸிம்” என்று ஹோஜாம் பலகையில் எழுதினாள். எனக்குத் தண்ணீர் வேணும். ரோகினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மலாயில் ‘நான்’ முன்னால் வந்து நிற்கும். இங்கே ‘எனக்கு’ ஓரமாக உட்கார்ந்துகொள்ள, தண்ணீர்தான் நடுவில் இருந்தது. வீட்டில் பேசுவது போலவே இருந்தது.

“கிட்மெக் லாஸிம்” என்றால் போகணும். யார் போகணும் என்று சொல்ல வேண்டியதில்லை. சொல்லித்தான் ஆகணும் என்றால் கடைசியில் ஒரு எழுத்தை மாற்று: “கிட்மெம் லாஸிம்.” இப்போது நான் போகணும். வேறு வழியே இல்லாமல் போயே ஆகணும் என்றால் அதற்கு ‘ஸொருந்தா’ என்று தனியாக ஒரு சொல். “பெக்லெமெலி”: காத்திருக்கணும். நானா, நீயா, ஊரா, அது கேட்பவர் பாடு.

பிறகு ஒருநாள் கதவில் மாட்டுகிற பலகை வந்தது. “கிரில்மெஸ்.”

“இதுக்கு மலாயில் ‘நுழையத் தடை’ என்பீர்கள்,” என்றாள் ஹோஜாம். “ஆனால் இதில் தடை கிடையாது. தடுக்கிறவரும் கிடையாது. இங்கே நுழைதல் நடப்பதில்லை. அவ்வளவுதான்.”

இந்துஜா பேனாவைக் கடித்தாள். “தடுக்கறவரு இல்லாம எப்படி?”

ரோகினிக்கு சிரிப்பு வந்துவிட்டது. “நுழையப்படாது,” என்றாள் தமிழில். “எங்க தோட்டத்துப் பெருசுங்க அப்படித்தான் சொல்லும். எச்சி துப்பப்படாது. பூவப் பறிக்கப்படாது. யாரு சொன்னான்னு கேட்டா, யாரும் சொல்லல, படாது.”

அன்றிலிருந்து வகுப்பில் அவளைப் பிடிக்க முடியவில்லை. ஹோஜாம் எதைக் கேட்டாலும் ஆளில்லாமல் சொல்லிவிடுவாள். கதவு சாத்தப்படணும். சத்தம் போடப்படாது. தேநீர் குடிக்கப்படும், பிறகு நடக்கப்படும்.

“இவ்வளவு சீக்கிரம் எங்கே கற்றாய்?”

“வீட்டில், ஹோஜாம். எட்டு மாதமாகப் பழக்கம்.”

ஹோஜாம் முதலில் சிரித்தாள். அடுத்த வாரம் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும்போது தோளில் கை வைத்தாள்.

“ரோகினி, உன் துருக்கி நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு பலகையோடு பேசுவது போல இருக்கிறது. கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போகிறவள் வாருங்கள் என்று சொல்லணும், உட்காருங்கள் என்று சொல்லணும். நீ யாரையுமே கூப்பிட மாட்டேன் என்கிறாயே?”

ரோகினி செருப்பின் வாரைத் தேடினாள். “வாய் வரமாட்டேங்குது, ஹோஜாம்.”

“வரட்டும். அடுத்த சனிக்கிழமை நான் உன் ஊருக்கு வருகிறேன். நான் ஒருத்தி இல்லை, பஸ்ஸில் வந்த நாற்பது பேர். உன் இடத்தை எனக்குச் சுற்றிக் காட்டு. துருக்கியில். தொலைத்துவிடாதே, பட்டினி போடாதே. அதுதான் பரீட்சை.”

இந்துஜாவின் பரீட்சை சிரம்பான் ஏரிப் பூங்காவில் ஏற்கெனவே முடிந்திருந்தது. ஒரு தப்புகூட இல்லையாம்.

அந்தச் சனிக்கிழமை சீவரத்தினத்தின் காரில் ஹோஜாம் வந்து இறங்கினாள். சிவப்பு முக்காடு, கறுப்புக் கண்ணாடி. இறங்கியதுமே நாற்பது பேர் ஆகிவிட்டாள்.

“துவாலெத் நெரெதெ?”

கழிவறை எங்கே. ரோகினி காட்டினாள். திரும்பி வந்து, தண்ணீர் வரவில்லை என்று புகார் சொன்னாள். பிறகு கடைக்கு எப்போது போவோம் என்று கேட்டாள். பிறகு இன்னொரு குரலில், பஸ்ஸில் ஏசி குளிர் அதிகம் என்றாள். சீவரத்தினம் பனையோலைத் தொப்பியால் விசிறிக்கொண்டு, “அச்சு அசல் கஸ்டமர்” என்றார்.

ரோகினி கூட்டிக்கொண்டு போனாள். செம்பனை வரிசைக்குள் இப்படி நடக்கப்படும். குலை விழும், மரத்தடியில் நிற்கப்படாது. இது பழைய ரப்பர் புகைக்கொட்டகை, இப்போது ஆடுகள் தங்கும். ஆடுகள் தொடப்படாது. ஹோஜாம் தொடவில்லை. ஆடுதான் சீவரத்தினத்தைத் தொட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் தொப்பியின் விளிம்பில் பாதி அதன் வாயில் இருந்தது.

“ஐயோ, மெல்லுதே! சொல்லு பிள்ளை, சொல்லு!”

“தொப்பி தின்னப்படாது,” என்று ரோகினி ஆட்டிடம் துருக்கியில் சொன்னாள். ஹோஜாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகவே போனது.

சாப்பாட்டை ரோகினி கோயில் மண்டபத்தில் வைத்திருந்தாள். அதாவது, வைக்கணும் என்றிருந்தாள். சாப்பாட்டு வாளிகளும் இலைக்கட்டும் கோயில் முன்னால் வேப்பமரத்தடி பெஞ்சில் இருந்தன. மண்டபத்து இரும்புக் கதவில் பூட்டு. ராமகிருஷ்ணன் சரி என்று சொல்லியிருந்தார். ஆனால் காலையிலேயே ஒரு கல்யாணத்துக்கு கோலா கிளாவாங் போய்விட்டார். சாவியைச் சந்திரன் வாங்கித் தருவதாக இருந்தது. சந்திரனை அவசர லோடுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். போகிற போக்கில் லோரியிலிருந்து தலையை நீட்டி, “சாவி அக்கா இடுப்புல! கேட்டு வாங்கிக்க!” என்று கத்திவிட்டுப் போனான்.

கோயிலுக்கு எதிரேதான் மங்கம்மா வீட்டு வாசல். அவள் முக்காலி போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சாவிக்கொத்து இடுப்பில் பளபளத்தது. உரிக்க வேண்டிய அளவுக்கு மேல் வெங்காயம் இருந்தது. காலையிலிருந்தே அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள் போல.

ரெம்பாவ் பக்கம் மலை மேகத்தில் மறைந்திருந்தது. காற்று மாறியது.

ரோகினி இரும்புக் கதவைப் பார்த்துச் சொன்னாள். “மண்டபம் திறக்கணும்.”

மங்கம்மா வெங்காயத்திடம் சொன்னாள். “திறக்கணும்னா சாவி வேணும்.”

“சாவி எங்கன்னு தெரியணும்.”

“இருக்கற எடத்துல இருக்கு.”

“மழ வருது. விருந்தாளிங்க நனையப்படாது.”

“நனையப்படாதுன்னா நேரத்தோட கேட்டிருக்கணும்.”

ஹோஜாம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இருவரையும் பார்த்தாள். சீவரத்தினத்திடம் மலாயில் மெதுவாகக் கேட்டாள்.

“என்ன பேசிக்கொள்கிறார்கள்?”

“பேசிக்கொள்ளவில்லை, மேடம். இவள் கதவோடு பேசுகிறாள். அவள் வெங்காயத்தோடு பேசுகிறாள்.”

முதல் துளி ஹோஜாம் மூக்கில் விழுந்தது. அவள் உடனே மறுபடி நாற்பது பேர் ஆனாள். கையைத் தூக்கிக் கூச்சல் போட்டாள்.

“ரெஹ்பெர்! இஸ்லாண்டிக்!”

வழிகாட்டி, நனைந்துவிட்டோம். அதை ரோகினி மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டு வாளியின் மூடியில் மழை தாளம் போட்டது. நாற்பது பேர் மழையில் நிற்கிறார்கள். ஏப்ரலும் நிற்கிறது. கதவுக்கும் வெங்காயத்துக்கும் நடுவில் பத்து அடி. அவள் அந்தப் பத்து அடியை நடந்தாள். மங்கம்மாவுக்கு முன்னால் போய் நின்றாள். எட்டு மாதம் கழித்து முகத்தைப் பக்கத்தில் பார்த்தாள். வெங்காயத்தில் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“அண்ணி,” என்றாள்.

மங்கம்மாவின் கை நின்றது.

“நீங்க வாங்க. நீங்களே வந்து திறங்க. நீங்க சொன்னாத்தான் அவங்க உக்காருவாங்க.”

“யாரு சொன்னா?”

“நான் சொல்றேன்.”

“இத்தன மாசம் கழிச்சு, அண்ணின்னு ஒருத்தி இருக்கறது கண்ணுக்குத் தெரிஞ்சிருச்சோ?”

“தெரியுது. கோவமா இருக்கறதும் தெரியுது. அன்னைக்கு நான் உக்காரச் சொன்னது தப்பு அண்ணி. அம்மனுக்குப் படைக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கக் கூடாது. கோவத்த வச்சுக்குங்க. சாவிய குடுங்க.”

“சாவியெல்லாம் குடுக்க முடியாது,” என்று மங்கம்மா எழுந்தாள். மடியிலிருந்து வெங்காயத் தோல் பறந்தது. “என் புருஷன் என்னைய நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்காரு. நானேதான் திறப்பேன்.”

“அதத்தான் லா கேட்டேன்!”

“கத்தாத. துருக்கிக்காரி பாக்கறா.”

ஓடினார்கள். மங்கம்மா முன்னால், சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு. பின்னால் ரோகினி வாளியோடு. ஹோஜாம் இலைக்கட்டைத் தலைக்குப் பிடித்துக்கொண்டாள். சீவரத்தினம் மிச்சமிருந்த தொப்பியை. கதவு திறந்தது. எல்லாரும் உள்ளே பாய, மங்கம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

“செருப்பு!”

“செருப்பைக் கழற்றுங்கள், ஹோஜாம்,” என்றாள் ரோகினி துருக்கியில். “சீவரத்தினம் சார், நீங்களும். கொஞ்சம் பொறுங்கள். இவர் என் கணவரின் அக்கா. இவர் சொன்ன பிறகு சாப்பிடுவோம்.”

வாக்கியங்கள் எங்கிருந்து வந்தன என்று அவளுக்கே தெரியவில்லை. வந்துகொண்டிருந்தன. மங்கம்மா அவசரப்படவில்லை. ஒரு இலையை நறுக்கி, எல்லாவற்றிலும் ஒரு கை எடுத்து வைத்து, அம்மன் முன்னால் வைத்தாள். விளக்கு ஏற்றினாள். சாம்பாரை முகர்ந்து பார்த்து, “பெருங்காயம் தூக்கலா இருக்கு” என்றாள். பிறகு மண்டபத்து வாசலில் வந்து நின்றாள். மழை தகரத்தில் இடித்தது. வந்திருந்த இரண்டு பேரையும் அறுபது பேரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“உக்காருங்க.”

ரோகினி மொழிபெயர்ப்பதற்குள் ஹோஜாம் உட்கார்ந்துவிட்டாள்.

பரிமாறினது மங்கம்மா. ஹோஜாமோடு அவளே மலாயில் பேச ஆரம்பித்தாள். அங்கே குளிருமா, ஆடு உண்டா, மாமியார் எப்படி. ஹோஜாம் ரசத்தை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

“என் மாமியாரும் நானும் இரண்டு வருஷம் ஃப்ரிட்ஜோடு பேசினோம். அவர் ஃப்ரிட்ஜிடம் சொல்வார், மீன் பொரிக்கணும் என்று. நான் ஃப்ரிட்ஜிடம் சொல்வேன், எண்ணெய் இல்லை என்று.”

“பெறகு?”

“ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனது.”

மங்கம்மா சிரித்ததில் கரண்டி வாளிக்குள் விழுந்தது. அதை எடுத்துக்கொண்டே ரோகினி பக்கம் திரும்பினாள்.

“இவ ஒன்ன அனுப்பிட்டா, அத்தன நாளு ஆட்ட யாரு பாப்பா? எந்தம்பியா? அவன் லோரியில ஏறுனா ஆட்ட மறந்துருவான்.”

“நீங்கதான் பாக்கணும் அண்ணி.”

“நானா? எங்கீரையெல்லாம் தின்ன அந்த வெள்ளக் கிடாவையா?”

“அதையும்.”

“திரும்பி வர்றப்ப அது குழம்பாயிருக்கும், சொல்லிட்டேன்.”

“குழம்பாக்குங்க. எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைங்க.”

சீவரத்தினம் மூன்றாவது தடவை பாயசம் வாங்கினார். மழை விட்டது. காரில் ஏறும்போது ஹோஜாம் ரோகினியின் கையைப் பிடித்து, நாற்பது பேர் சார்பாகவும் நன்றி என்றாள். முடிவு என்ன என்று சொல்லவில்லை. போகும் வழியில் சீவரத்தினத்திடம் பேசுவதாகச் சொன்னாள். மங்கம்மா ஜன்னல் வழியாக ஒரு முறுக்குப் பொட்டலத்தைத் திணித்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் ரோகினி மண்டபத்தைக் கழுவிவிட்டாள். சந்திரன் லோரிக்கு டயர் மாற்றினான். பத்து மணி வாக்கில் சீவரத்தினம் கூப்பிட்டார். ஏப்ரல் கூட்டத்துக்கு ரோகினி, இலையுதிர்காலத்துக்கு இந்துஜா, பாஸ்போர்ட் எடுக்கத் திங்கட்கிழமை லீவு என்றார். ரோகினி சந்திரனிடம் சொன்னாள். அவன் லோரிக்கு அடியிலிருந்து சரி என்றான். வேலியைச் சுற்றிப் போய் மங்கம்மாவிடமும் சொன்னாள். ராமகிருஷ்ணன் கோலா கிளாவாங்கிலிருந்து திரும்பி வந்து தூங்கிக்கொண்டிருந்தார். மத்தியானம் இரண்டு வீட்டிலும் கருவாடு. சாயங்காலம் மங்கம்மாவும் ரோகினியும் மோட்டார் சைக்கிளில் ரெம்பாவ் பசாருக்குப் போனார்கள். குளிருக்குப் போடுகிற கோட்டு கிடைக்கவில்லை. காலுறை கிடைத்தது. இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பினார்கள்.